சரியாக வந்து சேர்ந்தது

அந்தத் தொலைபேசி நிறுவனத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். வைத்தவன் பக்கத்து நாற்காலிக்காரன். அவனுக்கு வானொலி என்று பெயர். அதை எல்லோருமாகச் சேர்ந்து வைத்தார்கள். அவன் வாயை மூடினால் கரண்ட் போய்விட்டதோ என்று அடுத்த அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவளோ வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஒருநாள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றவளைக் கண்டு அவன் துள்ளிக் குதித்து, "காலுல பஞ்சு கட்டிக்கிட்டா வர்ற?" என்று கத்தினான். அன்றிலிருந்து பூனை பூனைதான்.

பூனை என்ன வேலை பார்க்கிறாள் என்பது கூடப் பிறந்த அக்காவுக்கே விளங்கவில்லை. கடைசியில் அத்தான்தான் சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கினார். அத்தான் என்றால் அக்காவின் புருஷன். அதே நிறுவனத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். பூனைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நாதி என்று இருந்தது அந்த இரண்டு பேரும் அந்த வீடும்தான்.

"முன்னெல்லாம் ஒரு போன் கால் போகணும்னா இரும்பு அலமாரி மாதிரி மெஷினுங்க வேணும். பேச்சுக்கு ஒண்ணு, மெசேஜுக்கு ஒண்ணு, அவசரக் காலுக்கு ஒண்ணு. இப்ப அலமாரி எதுவும் இல்ல. சாதாரணக் கம்ப்யூட்டருக்குள்ளயே அந்த மெஷின்லாம் உசுரோட இருக்கு. தொட்டுப் பாக்க முடியாது, வேலை மட்டும் செய்யும். ஒண்ணு செத்தா அதே நொடி இன்னொண்ணு தானா எழுந்து நிக்கும்."

"எங்க இருந்து எழும்?" என்றாள் அக்கா.

"அச்சு வச்சிருக்கோம். அதுல வார்த்து எடுக்கும். உன் தங்கச்சி அந்த அச்சுக் கிடங்குக்குக் காவல்."

"ஆக மொத்தம், பேய்க்குக் காவல்."

அத்தான் சிரித்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினார். அந்த வீட்டில் சிரிப்புக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

அலுவலகத்தில் அச்சை இமேஜ் என்பார்கள். கிடங்கில் ஒவ்வோர் இமேஜுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண்ணும் மாற வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. பெயரையும் எண்ணையும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது, மருந்துக் கடையில் புட்டியின் சீட்டை மாற்றாமல் மருந்தை மாற்றுவதற்குச் சமம். குடிக்கிற வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் கிடங்கில் எதை வைத்தாலும், எதை அழித்தாலும் இரண்டு பேர் சம்மதம் வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஒருவர் கேட்க வேண்டும், கிடங்குக்காரர் பார்த்துவிட்டுச் சரி சொல்ல வேண்டும்.

ஆனால் விதி வைத்தவர்கள், கேட்பவரும் சரி சொல்பவரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள் என்று யோசிக்கவில்லை.

அவசர அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் இயந்திரத்தின் இமேஜில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டை. அத்தான் தன் சோதனை அறையில் அப்படி ஓர் இயந்திரத்தை எழுப்பி, ஓட்டையை அடைத்தார். வேலை செய்தது. அடைத்த இயந்திரத்தை அப்படியே அச்செடுத்தார். புது எண் கொடுத்தால் கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டு, ஓட்டை ஊர்ப்பட்ட காலம் திறந்தே கிடக்கும். "நல்லதுக்குத்தானே" என்று பழைய எண்ணிலேயே வைக்கக் கேட்டார். அன்று இரவு வீட்டில் கைகழுவிக்கொண்டே, "பூனை, கிடங்குல ஒண்ணு கேட்டிருக்கேன். ஓகே குடுத்துடும்மா" என்றார். அவள் இடது கையால் போனை எடுத்து அழுத்தினாள். வலது கையில் சோறு இருந்தது.

ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் பழைய அச்சில் வார்த்தவை. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறு கிடங்கில் படுத்து உறங்கியது.

பிறகு ஒரு பகல் வேளை, ஒரு கணினி சூடேறிச் செத்தது. நகரத்தின் கிழக்குப் பக்கத்து அவசர அழைப்புகளைப் பிரிக்கும் இயந்திரம் அதற்குள் இருந்தது. செத்த நொடியே, சொல்லிக் கொடுத்தபடி, இன்னொன்று தானாக எழுந்து நின்றது. புதிய அச்சிலிருந்து. திரையில் எல்லா விளக்கும் பச்சை. வானொலி கொட்டாவி விட்டபடி, "செத்தான், பொறந்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

சாயங்காலம் வரை ஒருவரும் கவனிக்கவில்லை. அவசர உதவி மையத்தில் கிழக்குப் பக்கத்து மேசைக்காரர்கள், இன்று யார் முகத்தில் விழித்தோமோ, ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். தீயணைப்பு நிலையத்துக்கு ஒருவர் நேரில் ஓடி வந்து, "போன் பண்ணினா எடுத்துட்டுத் தூங்குறீங்களா?" என்று சட்டையைப் பிடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அத்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். கிடங்கில் ஒதுக்கி வைத்திருந்த பழைய இமேஜை எடுத்து, அதிலிருந்து இயந்திரத்தை எழுப்பினார். அழைப்புகள் ஓடத் தொடங்கின. கம்ப்யூட்டர் சூடாகிச் சிறிது நேரம் தடை ஏற்பட்டது என்று மேலாளர் மேலிடத்துக்கு எழுதினார். பொய் என்று சொல்ல முடியாது. சூடாகத்தான் செய்தது.

பூனைக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துத் தையல் கடைக்குப் போகும் வரை.

நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், அவர்கள் தெருமுனையில் அந்தக் கடை. தையல்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு மிஷினில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைப்பார்கள். அந்த அம்மாவுக்கு இழுப்பு நோய் உண்டு. தைக்கும்போது மூச்சு விசில் அடிக்கும். "மூணாவது மிஷின் ஓடுது" என்று அவளே கேலி செய்துகொள்வாள். அக்கா கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கி வரச் சொன்னதால் பூனை போனாள். கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே கொஞ்சம் பேர் நின்றிருந்தார்கள். ஒரு மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

தையல்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, கட்டுமஸ்தான ஓர் ஆள் நின்றுகொண்டு பேசினார். செத்துப்போனவளின் அண்ணன்.

"மறுபடி சொல்லு. எல்லாரும் கேக்கட்டும். போன் பண்ணினேன்ங்கிற. எத்தனை தரம்?"

"ஒரு தரம்தான் மச்சான். ஒரு தரத்துலயே…"

"ஒரு தரம். போன்ல இருக்கு, நானும் பாத்தேன். அடிச்ச உடனே வச்சிருக்க. முழுசா பேரு சொல்ற நேரம்கூட இல்ல. எதிர்க்கடைக்காரர் வண்டிய எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு, வேணாம்னு சொல்லியிருக்க. ஆமாவா இல்லையா?"

"ஆமா. ஆம்புலன்ஸ் வருதுன்னு…"

"யாரு சொன்னா?"

"போன்லதான் மச்சான் சொன்னாங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ளயே சொல்லிட்டாங்க. ஒரு ஆம்பளக் குரலு. 'உங்கள் அழைப்பு சரியாக வந்து சேர்ந்தது, நன்றி'ன்னு. எங்க இருந்து கூப்பிடறேன்னு அவங்களுக்கே தெரியும்போலன்னு நெனச்சேன். வாசல்ல போய் நின்னேன். அவளத் தூக்கி உக்கார வச்சு, கதவத் தொறந்து வச்சிட்டு…"

"நான் அந்தக் கம்பெனிக்கே போய்க் கேட்டுட்டு வர்றேன். அப்படி ஒரு குரலே எங்ககிட்ட இல்லன்னு சொல்றான். கத கட்டறதுக்கும் ஒரு அளவு வேணாமா? என் தங்கச்சி மூச்சுக்குத் தவிக்கும்போது நீ வேடிக்க பாத்திருக்க. அவ புள்ள உன்கிட்ட இருக்கக் கூடாது. கூட்டிட்டுப் போறேன். போலீசுலயும் எழுதிக் குடுத்தாச்சு."

உள்ளறையிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தையல்காரர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால், தான் குற்றமற்றவன் என்று வாதாட வேண்டியிருக்கும்; அதற்கு அவர் உடம்பில் தெம்பு இல்லை. குழந்தை அவரைத் தாண்டிப் போகும்போது அதன் செருப்பில்லாத காலை ஒரு தரம் தொட்டார், அவ்வளவுதான்.

பூனை ஜாக்கெட்டை வாங்காமலே திரும்பினாள். தெருவில் நடக்க முடியவில்லை. மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தைகளைப் பதிவு செய்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள். சோதனை அறையில் அவசர எண்ணை அடித்துப் பார்க்கும்போது, அழைப்பு நிஜமான மையத்துக்குப் போய் அவர்களைப் பதற வைக்கக் கூடாது என்பதற்காக, அத்தான் தன் குரலில் ஒரு பதில் பதிந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு. முதலில் "சோதனை அழைப்பு பெறப்பட்டது" என்று படித்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இது என்ன, கோர்ட்டு நோட்டீசா? மனுஷன் மாதிரி பேசுங்க. 'உங்கள் அழைப்பு சரியாக வந்து சேர்ந்தது, நன்றி'ன்னு சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு மனசு குளிரும்." அவரும் அப்படியே சொன்னார்.

சோதனை அறையில் ஓட்டையை அடைத்ததும் அந்தக் குரல் இருந்த அதே இயந்திரத்தில்தான். அச்செடுக்கும்போது குரலை எடுத்துவிட மறந்திருக்கிறார். அன்று பகல் முழுக்க, கிழக்குப் பக்கத்தில் உயிர் போகிறது என்று கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் அத்தான் நன்றி சொல்லியிருக்கிறார். அவர்களும் மனசு குளிர்ந்து, வாசலில் போய்க் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மணியடித்தும் யாரும் எடுக்காமல் இருந்திருந்தால் தையல்காரர் எதிர்க்கடைக்காரரின் வண்டியில் ஏறியிருப்பார். ஆஸ்பத்திரி சந்தைக்கு அந்தப் பக்கம்தான்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் திரையில் அது காத்திருந்தது. ஒதுக்கி வைத்த புது இமேஜை முழுவதுமாக அழிக்கக் கேட்டிருந்தார் அத்தான். மேலாளரும் பார்த்திருந்தார். கிடங்குக்காரர் சம்மதம் மட்டும் பாக்கி.

"என்ன பூனை, திரையையே மொறச்சுப் பாக்கற? எலி ஏதாச்சும் ஓடுதா?" என்றான் வானொலி.

"ஒரு இமேஜ அழிக்கணும்."

"அழிச்சுத் தொலை. கிடங்கு ஏற்கெனவே மூச்சு முட்டிப்போய்க் கிடக்கு."

அவள் எழுந்து சோதனை அறைக்குப் போனாள். யாரும் இல்லாத நேரம். அழிக்கச் சொன்ன இமேஜிலிருந்து ஓர் இயந்திரத்தை எழுப்பினாள். அங்கே இருக்கும் சோதனைத் தொலைபேசியை எடுத்து அவசர எண்ணை அடித்தாள். ஒரு மணிகூட அடிக்கவில்லை.

"உங்கள் அழைப்பு சரியாக வந்து சேர்ந்தது. நன்றி."

என்ன இதமான குரல்! காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் குரல். அவள் பரீட்சைக்குப் படித்த காலத்தில், "போதும், படுத்துக்கோம்மா" என்று விளக்கை அணைத்த குரல். அவள் தொலைபேசியை வைத்தாள். எழுப்பிய இயந்திரத்தை நிறுத்தி இறக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, கேட்டபடியே, அழிக்கச் சம்மதம் கொடுத்தாள்.

கிடங்கு மறுத்துவிட்டது. இந்த இமேஜை நம்பி ஓர் இயந்திரம் ஓடுகிறது, அழிக்க இயலாது என்று திரையில் வந்தது. கிடங்கின் வேலை முறையே அதுதான். எழுந்து நிற்கிற இயந்திரம் தன் அச்சின் மேல் காலை ஊன்றித்தான் நிற்கும். காலடி மண்ணை யாரும் உருவிவிட முடியாது. எழுப்பியவர்தான் அதை இறக்க வேண்டும். வேறொருவர் இறக்குவதானால், ஏன் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் செய்தாள். ஆனால் எதற்காகச் செய்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழிக்க முடியவில்லை, அழிக்க மறுக்கவும் துணிவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆணியை அடித்து வைத்தாள்.

மதியம் அத்தான் வந்தார். "வா" என்று மட்டும் சொன்னார். கணினிகள் அடுக்கிய குளிர் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே விசிறிகளின் இரைச்சலில் காதோடு வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும். ரகசியம் பேச அந்தக் கட்டடத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

"அத எதுக்கும்மா எழுப்பின?"

"கேட்டுப் பாத்தேன் அத்தான்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. குளிர் அறையிலும் மேலுதட்டில் வேர்வை.

"தெருமுனைத் தையக்காரம்மா செத்துட்டாங்க," என்றாள்.

"தெரியும்."

"அவரு போனே பண்ணலன்னு சொல்றாங்க. புள்ளயத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. போலீசுல குடுத்திருக்காங்க."

"தெரியும்மா. எல்லாம் தெரியும். நான் தூங்கி எத்தன நாளாச்சுன்னு உங்கக்காவக் கேளு." அவர் சுவரில் சாய்ந்தார். "நான் என்ன, கொல்லணும்னா செஞ்சேன்? ஓட்டைய அடைக்கத்தானே செஞ்சேன்."

"இல்ல அத்தான், கொல்லணும்னு செய்யல."

"அப்புறம்? இப்ப நீ அத வச்சிருக்கறதால செத்தவங்க எழுந்து வரப் போறாங்களா? அந்தாளு மேல கேஸ் நிக்காது. ஒரு ஆதாரமும் இல்ல. நாள் போனா அவங்களே ஓஞ்சு போயிடுவாங்க. ஆனா இது வெளியில வந்தா நான் உள்ள போயிடுவேன். ஓகே குடுத்தது நீ. உன்னையும் விடமாட்டாங்க."

"தெரியும்."

"உங்கக்காவ நெனச்சியா? அந்த வார்த்தைய எடுத்துக் குடுத்தவளே அவதான். அது தெரிஞ்சா அவ உசுரோட இருப்பாளா சொல்லு."

பூனைக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு அவர், அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது செய்ததைப் போலத் தலையில் கை வைத்து, "இறக்கிடும்மா. உன்ன நான் மிரட்டல. கெஞ்சறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிரட்டியிருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

அவள் இறக்கவில்லை. இறக்கலாம் என்று சோதனை அறை வரை போவாள். திரையில் அந்த இயந்திரம் பச்சையாக, யாரும் கூப்பிடாமல், சும்மா நின்றுகொண்டிருக்கும். திரும்பி வந்துவிடுவாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவளும் அத்தானும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். "என்ன, ரெண்டு பேருக்கும் வாயில கொழுக்கட்டையா?" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏதோ அலுவலகத்துச் சண்டை என்று நினைத்துக்கொண்டாள்.

தையல்காரரின் மச்சான் விடாக்கண்டன். தங்கை புருஷனைப் பொய்யன் என்று நிரூபிக்க வேண்டும் என்பதற்காகவே, தொலைபேசி நிறுவனங்களை மேற்பார்க்கும் ஆணையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அப்படி ஒரு குரல் இல்லை என்று ஆணையமே எழுதிக் கொடுத்தால் போலீசில் காட்டலாம் என்பது அவர் கணக்கு. அதனால் ஒரு விசாரணை அதிகாரி வந்தார். நரைத்த கிராப்பு வைத்த அம்மாள். சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. முன்கூடத்தில் மச்சானையும் தையல்காரரையும் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான்கு நாற்காலி காலியாக இருந்தது.

அதிகாரி கிடங்குக்கு வந்தபோது மேலாளர் முன்னால் நடந்தார், அத்தான் பின்னால்.

"அன்னைக்கு ஓடின மெஷினோட இமேஜ் எல்லாம் இங்க இருக்கா?" என்றார் அதிகாரி.

"எல்லாம் பத்திரமா இருக்கும்மா. இப்ப ஓடறதும் அதே இமேஜ்தான். நீங்களே போன் பண்ணிப் பாக்கலாம். நேரா மையத்துக்குப் போகும்," என்றார் மேலாளர்.

"அப்ப அந்தக் குரல்?"

"பதட்டத்துல ஆளுங்களுக்கு என்னென்னவோ கேக்கும்மா. பாவம்."

வானொலி தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதிகாரி குறிப்பெழுதிக்கொண்டு திரும்பினார். அவர் வாசலைத் தாண்டினால் கதை முடிந்தது. பாவம் என்று மேலாளர் சொன்னது பூனையின் காதில் நின்றது. குழந்தையின் காலைத் தொட்ட கை கண்ணில் நின்றது. அவள் எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அன்னைக்கு ஓடினது வேற இமேஜ். அது சோதனை அறையில ஓடிட்டிருக்கு. கேக்கலாம். வெளிய உக்காந்திருக்கற தையக்காரரையும் கூப்பிடுங்க. அவரு கேக்கணும்."

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல் மேலாளர் அவளைப் பார்த்தார். அத்தான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

சோதனை அறை சின்னது. ஆறு பேர் நின்றால் மூச்சு விட இடமில்லை. பூனை எண்ணை அடித்து, ஒலிபெருக்கியில் போட்டு, தொலைபேசியைத் தையல்காரருக்கு முன்னால் வைத்தாள்.

"உங்கள் அழைப்பு சரியாக வந்து சேர்ந்தது. நன்றி."

தையல்காரர் துள்ளவுமில்லை, அழவுமில்லை. தலையை ஆட்டினார். "இதுதான்," என்றார். "இதே குரலுதான்." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல் மெதுவாக நிமிர்ந்தார். பதட்டத்தில் அன்று பிடிபடாதது இப்போது பிடிபட்டது. அவர் கண் அத்தானிடம் வந்து நின்றது.

"சார், நீங்களா? நம்ம கடையில பேன்ட் நீளம் குறைக்கத் தருவீங்களே…"

அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார்.

மச்சான் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தது. "நிஜமாவே பண்ணியிருக்கியாடா," என்றார். "நிஜமாவே பண்ணியிருக்க. நான்தான்டா பாவி…"

"பண்ணினேன் மச்சான்," என்றார் தையல்காரர். அவர் முகத்தில் ஆறுதல் வரும் என்று பூனை பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. "ஆனா இன்னொரு தரம் பண்ணியிருக்கணும். எதிர்க்கடைக்காரரு வண்டிய வச்சிக்கிட்டு நின்னாரு மச்சான். சாவி போட்டு நின்னாரு. நான்தான் இத நம்பினேன்."

அதிகாரி யாரையும் பார்க்காமல், "யாரு இந்த இமேஜ வச்சது, யாரு சம்மதம் குடுத்தது?" என்று கேட்டார். "வச்சது நான்," என்றார் அத்தான். "சம்மதம் நான்," என்றாள் பூனை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமாக நடப்பதுதான். இரண்டு பேரின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். அத்தானைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். நாளை வரச் சொல்லிப் பூனையை அனுப்பிவிட்டார்கள். வானொலி அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தான். எதையோ சொல்ல வந்து, "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னான்.

வெளிச்சம் இருக்கும்போதே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கதவு திறந்தே கிடந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து அத்தானின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். போலீஸ் நிலையத்துக்குக் கொடுத்தனுப்ப ஒரு பை பக்கத்தில் இருந்தது. அத்தான் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் எடுத்துக் கொடுத்த வார்த்தையைக் கூட மறைக்கவில்லை. இனி யாராவது சொல்லிக் கேட்பதைவிடத் தானே சொல்வது மேல் என்று நினைத்திருப்பார். அக்காவின் கண் வறண்டு கிடந்தது.

பூனை கதவோரம் நின்றாள். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அவரு குரலு எத்தன பேருக்கு நன்றி சொல்லிச்சாம்?" என்றாள் அக்கா.

"இன்னும் தெரியலக்கா. எண்ணிட்டிருக்காங்க."

அக்கா ஒரு சட்டையின் கழுத்தை நீவி விட்டாள். அதை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடீ?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அவள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அழிச்சிடுன்னு சொல்லியிருப்பேன். உன் கால்ல விழுந்தாவது சொல்லியிருப்பேன்."

"நீ விழுந்திருந்தா நான் அழிச்சிருப்பேன்க்கா."

"அதனாலதான் நீ சொல்லல."

"ஆமா."

அக்கா சட்டைகளைப் பையில் அடுக்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். தங்கையைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றாள். அடிப்பாளோ, கட்டிக்கொள்வாளோ என்று பூனைக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை போலும். இரண்டும் செய்யாமல் படியில் இறங்கினாள்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம்," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "அவரு உன்னப் பாத்தா அழுவாரு."